அத்தானுக்கு ஒரு பிரெஞ்சுச் சாப்பாடு: புய்யோனா, பிராசரியா, பிஸ்த்ரோவா?

ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு பாரிஸ் வருகிறது. தேர் ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் விமானம் வெள்ளி மாலை. "இடையில ஒருநாளாவது பிரெஞ்சுக்காரர் சாப்பிடுற இடத்தில இருந்து சாப்பிட வேணும் தம்பி, லாச்சப்பல் கொத்துரொட்டி எங்களுக்கு ஸ்காபரோவிலேயே கிடைக்கும்" என்று அக்கா தொலைபேசியில் மூன்று தரம் சொல்லிவிட்டார். லாச்சப்பல் என்றால் பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு. நியாயமான ஆசைதான். இடம் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்ததற்குக் காரணம், பாரிஸ் குசினிகளில் நான் பதினொரு வருடம் நின்றவன். முதல் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். அப்புறம் குளிர்ச் சாப்பாட்டுப் பக்கம், அப்புறம் அடுப்பு. இப்போது பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. பழைய வேலையிலிருந்து கூட வந்தது நாரிநோ ஒன்றுதான். ஆகவே கீழே சொல்வதெல்லாம் மேசைப் பக்கத்துக் கருத்து இல்லை, குசினிப் பக்கத்துக் கருத்து.

நாங்கள் மொத்தம் ஆறு பேர். அத்தான் மாட்டிறைச்சி தொடமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான். மருமகளுக்கு எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டும். மருமகனுக்கு வயது 14, பொரித்த உருளைக்கிழங்கு இருந்தால் உலகத்தோடு சண்டை இல்லை. அக்காவுக்கு இடம் வடிவாக இருக்க வேண்டும். என் மனைவிக்குக் கணக்கு சரியாக வர வேண்டும். எனக்கு, சாப்பாடு சமைத்த சாப்பாடாக இருக்க வேண்டும், சூடாக்கிய சாப்பாடாக இருக்கக்கூடாது.

பாரிஸில் இப்படி ஒரு சாப்பாட்டுக்கு மூன்று வகை இடம் உண்டு: புய்யோன், பிராசரி, பிஸ்த்ரோ. வாசலில் ஆள் நிறுத்தி வழியில் போகிறவர்களைக் கூப்பிடுகிற, ஐந்து மொழியில் படத்தோடு அட்டை வைத்திருக்கிற நாலாவது வகையும் உண்டு. அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் புய்யோன். அந்தச் சொல்லுக்கு இறைச்சி அவித்த சாறு என்று பொருள். 1850களில் டுவால் என்ற இறைச்சிக்கடைக்காரர், பாரிஸின் பழைய பெரிய சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவித்த மாட்டிறைச்சியையும் அந்தச் சாற்றையும் மலிவாகக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு நகரம் முழுக்க இந்த மாதிரிக் கடைகள் வந்தன, பிறகு அநேகமாக எல்லாம் மூடப்பட்டன. 1896இல் தொடங்கிய ஷார்த்தியே மட்டும் ஃபோபூர் மொன்மார்த் தெருவில் அப்படியே நிற்கிறது. சுவரில் இலக்கம் போட்ட சின்னச் சின்ன மர லாச்சிகள் இருக்கும். அந்தக் காலத்து வாடிக்கைக்காரர்கள் தங்கள் துணித் துவாயை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். பரிசாரகர் நீங்கள் கேட்டதை மேசையில் விரித்த கடதாசியிலேயே எழுதுவார், கடைசியில் அதே கடதாசியில் கூட்டிக் கணக்கும் போடுவார். தெரியாத ஆட்களோடு ஒரே மேசையில் இருத்தினால் முகம் சுளிக்கக்கூடாது.

எங்கள் ஆட்களுக்கு வழி சொல்லத் தேவையில்லாத புய்யோன் ஒன்றும் இருக்கிறது. லாச்சப்பலில் சேலைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை எல்லாம் இருக்கிற அதே ஃபோபூர் சன்-துனி தெருவில், கார் து நோர் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிக் கீழே கீழே நடந்தால் 16ஆம் இலக்கம், ஜூலியான். 1906ஆம் ஆண்டு அலங்காரம்: கண்ணாடிக் கூரை, சுவரில் தீட்டிய பெண் உருவங்கள், வளைந்து ஓடும் மரவேலை. அக்கா உள்ளே போனதும் படம் எடுக்கத் தொடங்கி, சாப்பாடு ஆறுகிற வரைக்கும் நிறுத்தமாட்டார். நெடுங்காலம் பிராசரியாக இருந்த இடம், 2018இல் மறுபடியும் புய்யோனாக மாறியது.

விலையில் புய்யோனை அடிக்க முடியாது. முட்டை மயோனேஸ், ஒரு முக்கியச் சாப்பாடு, ஓர் இனிப்பு, எல்லாம் ஆளுக்கு 20 யூரோ சுற்றி முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான பேருக்கு ஒன்றாகச் சமைக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோயில் அன்னதானத்துச் சாம்பாரை யாராவது வீட்டில் அந்த ருசிக்கு வைத்திருக்கிறார்களா? பெரிய பாத்திரத்தில் நாலு மணித்தியாலம் கிடக்கிற வைன் மாட்டுக்கறியும் அப்படித்தான். வியாபாரம் ஆள் எண்ணிக்கையில் ஓடுகிறபடியால் கதிரை சூடாக இருக்கும்போதே அடுத்த ஆள் வருவார், ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்து நிற்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெயர்போன புய்யோன்களில் மாலையில் வரிசை தெரு மூலை வரைக்கும் போகும். தேருக்குப் பின்னால் வெறுங்காலில் நடந்த ஆட்களை மறுபடி ஒரு வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

பிராசரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராசரி என்றால் பியர் வடிக்கிற இடம். அல்சாஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள் பாரிஸில் பிரபலமாக்கிய வகை. 1871இல் அல்சாஸை ஜெர்மனி எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். பொஃபாஞ்சே 1864, லிப் 1880, கார் து நோர் ஸ்டேஷனுக்கு எதிரே தெர்மினுஸ் நோர் 1925. இவற்றின் பெரிய வசதி நேரம். பல இடங்களில் மதியத்திலிருந்து நள்ளிரவு வரை குசினி மூடாது. ரொறன்ரோவில் மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் பிஸ்த்ரோக் குசினி ஏழு, ஏழரைக்கு முன்னால் அடுப்பை மூட்டாது. இடமும் பெரிது, ஆறு பேருக்கு மேசை உடனே கிடைக்கும். ஆனால் அங்கே பேர்போன சாப்பாடு இரண்டு. ஒன்று புளித்த கோவாவின் மேல் பன்றி இறைச்சி அடுக்கியது. மற்றது ஐஸ் மேல் அடுக்கிய பச்சைச் சிப்பி. ஒருமுறை மனைவியின் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சிப்பித் தட்டு வந்ததும் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, மெதுவாக வைத்துவிட்டு, "தம்பி, இதை ஒருக்கா அவிச்சுத் தரச் சொல்லு" என்றார். ஆளுக்கு 50, 60 யூரோ கொடுத்துவிட்டு வந்து வீட்டில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

இனிப் பிஸ்த்ரோ. என் மனம் முதலிலிருந்தே இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், 1814இல் பாரிஸைப் பிடித்த ரஷ்யச் சிப்பாய்கள் "கெதியாக" என்று தங்கள் மொழியில் கத்தியதிலிருந்து வந்தது என்பார்கள். மொன்மார்த் மேட்டில் ஒரு கடைச் சுவரில் அதைக் கல்வெட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அச்சில் வருவது 1880களில்தான். எழுபது வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது என்று மொழிக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு கதை, இது உண்மைக் கதையும்கூட. 19ஆம் நூற்றாண்டில் ஓவேர்ன் மலைப்பகுதியிலிருந்து ஏழைச் சனம் பாரிஸுக்கு வந்து, வீடுகளுக்குத் தண்ணீரும் பிறகு நிலக்கரியும் சுமந்து விற்றது. கரிக்கடையில் ஒரு மூலையில் கணவன் கரி நிறுப்பார், மற்ற மூலையில் மனைவி வைன் ஊற்றுவார். ஒருவர் வந்து காலூன்றினால் ஊரிலிருந்து மச்சான், மச்சானின் தம்பி என்று வரிசையாக வருவார்கள். அந்த மாதிரிக் கடைகளில் நிறைய, தெருவோர பிஸ்த்ரோக்கள் ஆயின. லாச்சப்பலைத் தெரிந்தவனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குப் பாரிஸில் பல குசினிகளில் கோப்பை கழுவுகிறதும் கரட் உரிக்கிறதும் எங்கள் பெடியங்கள். 2023இல் பாரிஸின் சிறந்த பாகெத் பாணுக்கான பரிசை வாங்கியவரும் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜாதான். அந்தப் பரிசு வாங்குகிறவர் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பிஸ்த்ரோவின் பலம் அதன் குசினி சின்னதாக இருப்பது. நான் நின்ற ஒன்றில் செஃப், நான், கோப்பை கழுவுகிற ஆள், மூன்றே பேர். இருபத்தெட்டுக் கதிரை. வியாழக்கிழமை பிளாங்கெத், அதாவது கன்றிறைச்சி வெள்ளைக் குழம்பு. காலை ஒன்பது மணிக்கு இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைப்போம். நுரை சாம்பல் நிறத்தில் மேலே வரும். அதைக் கரண்டியால் அள்ளி அள்ளி எடுப்பது என் வேலை. கொஞ்சம் விட்டுவிட்டாலும் குழம்பு கறுக்கும், செஃப் பேசமாட்டார், பார்ப்பார். பிறகு கரட், லீக்ஸ், கராம்பு குத்திய முழு வெங்காயம். பதினொன்றரைக்கு அந்தச் சாற்றை வடித்து, பட்டரும் மாவும் சேர்த்துத் தடிப்பாக்கி, பால் ஆடையும் முட்டை மஞ்சளும் விட்டு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. முட்டை விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது, திரைந்துவிடும். முப்பது கோப்பைக்கு மேல் கிடையாது. ஒன்றரை மணிக்கு முடிந்துவிட்டால் பரிசாரகி கரும்பலகையில் அந்த வரியைத் துணியால் துடைத்துவிடுவார்.

அந்தத் துடைப்பைத்தான் நான் இடம் பார்க்கும்போது தேடுகிறேன். கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதிய மூன்று அந்த்ரே (முதலில் வருகிற சின்னச் சாப்பாடு), மூன்று முக்கியச் சாப்பாடு, மூன்று இனிப்பு என்றால் உள்ளே ஆள் சமைக்கிறார். பிளாஸ்ரிக் உறை போட்ட அட்டையில் நாற்பது சாப்பாடு என்றால் உள்ளே பெரிய உறைபெட்டி இருக்கிறது. காற்று எடுத்த பையில் வந்த வாத்துக்காலை வெந்நீரில் போட்டு, பையை வெட்டிக் கோப்பையில் விடுகிறார்கள். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். 2014இலிருந்து சட்டப்படி ஒரு சின்னமும் உண்டு: சட்டியின் மேல் வீட்டுக் கூரை, அதாவது இங்கேயே செய்தது. நல்ல அடையாளம்தான், ஆனால் உறைய வைத்த பச்சை மீனை வாங்கிச் சமைத்தாலும் அந்தச் சின்னம் போடலாம். நான் கரும்பலகையைத்தான் அதிகம் நம்புகிறேன்.

பிஸ்த்ரோவிலும் இப்போது ஒரு புதுவகை இருக்கிறது. 1992இல் ஈவ் காம்தெபோர்ட் என்ற செஃப், பெரிய ஹோட்டல் குசினியை விட்டுவிட்டு 14ஆம் வட்டாரத்தில் லா ரெகலாத் என்ற கடையைத் திறந்து, அந்தத் தரத்துச் சமையலைச் சின்னக் கடை விலைக்குக் கொடுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் இன்று நிறைய. இரவில் செஃப் வைக்கிறதுதான் சாப்பாடு என்று தெரிவே இல்லாத கடைகளும் உண்டு. மருமகள் துள்ளிக் குதிப்பாள். அத்தான் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விட்டுவிட்டேன்.

அத்தானின் கோப்பைதான் உண்மையில் இந்த ஒப்பீட்டைத் தீர்மானிக்கிறது. மாடு வேண்டாம் என்றால் ஸ்டேக்கைத் தவிர்த்தால் போதும் என்று நினைப்போம். வெங்காயச் சூப் பார்க்க மரக்கறி போலத்தான் இருக்கும், அடியில் இருப்பது பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. பல சோஸ்களின் அடித்தளம் கன்றெலும்பு காய்ச்சியது. சில இடங்களில் உருளைக்கிழங்கு பொரிக்கிறதே மாட்டுக்கொழுப்பில். இதையெல்லாம் முந்நூறு பேர் இருக்கிற இடத்தில், ஓடிக்கொண்டிருக்கிற பரிசாரகரிடம் கேட்கலாம்தான், பதிலும் வரும், ஆனால் அவர் குசினிக்குள் போய்க் கேட்டுவந்த பதிலா என்று தெரியாது. சின்னக் கடையில் செஃப் கதவிடுக்கால் எட்டிப் பார்த்துச் சொல்வார். லீக்ஸ் வினேக்ரெத்தும் (எண்ணெயும் வினாகிரியும் விட்ட லீக்ஸ்) முட்டை மயோனேஸும் அத்தானுக்குப் பிரச்சினை இல்லை. வாத்துக்காலும் சரி. திருக்கை மீன் இருந்தால் இன்னும் நல்லது: பட்டரைப் பொன்னிறமாகும்வரை காய்ச்சி, கேப்பர் என்ற புளிப்பு மொட்டுப் போட்டு மேலே ஊற்றுவார்கள். திருக்கை வறை சாப்பிட்டு வளர்ந்த ஆள் இதை எப்படி எடுப்பார் என்று பார்க்க எனக்கும் ஆசை. மருமகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கரும்பலகையில் அந்துய்யெத் என்று கண்டால் என்னைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். பன்றிக்குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்தது. குடல்கறி சாப்பிடுகிற எனக்கே அதன் மணத்தோடு சமாதானமாக இரண்டு வருடம் எடுத்தது.

இன்னொன்றும் கனடாக்காரருக்குச் சொல்ல வேண்டும். அங்கே அந்த்ரே என்றால் முக்கியச் சாப்பாடு. இங்கே அது ஆரம்பத்தில் வருகிறது. சொல்லின் பொருளே நுழைவு. அந்த்ரே மட்டும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று பார்த்த உறவினர்கள் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

மனைவியின் கணக்குக்கு வருவோம். இரவில் பிஸ்த்ரோவில் அந்த்ரே, முக்கியச் சாப்பாடு, இனிப்பு மூன்றும் ஆளுக்கு 45 யூரோ போகும், ஆறு பேருக்கு 270. பிராசரியில் 300ஐத் தாண்டும். புய்யோனில் 120. இப்படிப் போட்டால் பிஸ்த்ரோ தோற்றுவிடுகிறது. ஆனால் அதே பிஸ்த்ரோ, அதே செஃப், அதே அடுப்பு, வேலைநாள் மதியத்தில் ஃபோர்முல் என்று ஒன்று போடும்: அந்த்ரேயும் முக்கியச் சாப்பாடும், அல்லது முக்கியச் சாப்பாடும் இனிப்பும், எங்கள் பக்கம் 22 யூரோ. ஆறு பேருக்கு 132. புய்யோனைவிட 12 யூரோதான் கூட. பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் தினமும் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக வைத்த விலை அது. உல்லாசப் பயணிகள் இரவில்தான் வருகிறார்கள், இரவு விலையில்தான் சாப்பிடுகிறார்கள்.

எழுதிய விலைக்கு மேல் எதுவும் வராது. ஒன்ராறியோவில் பில்லின் மேல் 13 வீத வரி, அதற்குமேல் 18, 20 வீதம் டிப்ஸ் என்று பழகிய அத்தான், கடைசியில் ஃபோனை எடுத்துப் பெருக்கத் தொடங்குவார். தேவையில்லை. வரியும் சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். பிடித்திருந்தால் இரண்டு, மூன்று யூரோச் சில்லறையை மேசையில் விட்டுவிட்டு வரலாம். தண்ணீருக்கும் காசு இல்லை, "ஒரு கராஃப் தண்ணீர்", அதாவது ஒரு சாடி குழாய்த் தண்ணீர், என்று கேட்க வேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வரும், போத்தலுக்குக் காசு. இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்று அட்டையிலேயே எழுத வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து சட்டம். பாணும் சும்மா வரும், முடிந்தால் இன்னொரு கூடையும் வரும்.

நாள் தேர்வதுதான் கடைசிச் சிக்கல். ஓகஸ்ட்டில் பாதி பிஸ்த்ரோக்கள் கதவில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டு மூன்று கிழமை ஊருக்குப் போய்விடும், நல்ல காலம், நான் பார்த்து வைத்த இடம் தேருக்கு முன்பே திறந்துவிடுகிறது. தேரன்று ஞாயிறு, அன்று மச்சம் இல்லை. திங்கள் கடை பூட்டு. செவ்வாய் அத்தானுக்கு மரக்கறி. புதன் டிஸ்னிலாண்டுக்கு மருமகன் ஏற்கெனவே ரிக்கெற் எடுத்தாயிற்று. மிஞ்சியது வியாழன். மதியம் பன்னிரண்டுக்கே போய்விட வேண்டும். ஒரு மணிக்குப் போனால் ஆறு பேரைச் சேர்த்து இருத்த இடம் இருக்காது, ஒன்றரைக்குப் போனால் பலகையில் பாதி துடைத்திருக்கும்.

நேற்றுத் தொலைபேசி எடுத்தேன். கடைக்கார அம்மா எத்தனை பேர், எத்தனை மணி என்று கேட்டார். பெயர் கேட்டபோது வழக்கம்போல முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்தேன், முழுவதையும் சொன்னால் அவருடைய கொப்பியில் வரி போதாது. ஒருவர் மாடு சாப்பிட மாட்டார் என்றேன். "வியாழன் பிளாங்கெத் ஆயிற்றே, அதுவும் கன்றுதான். அவருக்கு ஒரு வாத்துக்கால் எடுத்து வைக்கிறேன், உருளைக்கிழங்கை வேறு எண்ணெயில் பொரிக்கச் சொல்கிறேன்" என்றார். இந்த ஒரு வசனம்தான் மற்ற இரண்டு வகையிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

உடனே அக்காவுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது: "அங்க சோறு கிடைக்குமோ எண்டு கேளும்."

கிடைக்கும். பிரெஞ்சுக்காரர் சோறு வைத்துச் சாப்பிடுகிற பழைய சாப்பாடு ஒன்று உண்டென்றால் அது பிளாங்கெத்தான். அன்றைக்கு அந்தக் குசினியில் ஒரு பெரிய சட்டிச் சோறு இருக்கும், அத்தானைத் தவிர மற்ற ஐந்து பேருக்கும் வரும்.

கடைக்கு மறுபடி எடுத்தேன். வாத்துக்காலுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வேண்டாம், பிளாங்கெத்துக்கு வைக்கிற சோற்றை வைக்க முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வாத்துக்குச் சோறா?"

"ஓம் மதாம்."

பேனாவால் கீறுகிற சத்தம் கேட்டது. "சரி, எழுதிவிட்டேன்."